வெற்றிடத்துக்கு அனுப்பப்படும் பயிலுநர்கள்

கொழும்புத்துறைக்கு ஆசிரியப் பயிற்சி புதிய சங்கதி அல்ல. யாழ்ப்பாண நகரின் கிழக்கோரத்தில், கடல்நீரேரிக் கரையில் இருக்கும் இந்த ஊரில் கத்தோலிக்க மிஷன் நடத்திய புனித சூசையப்பர் ஆசிரிய கலாசாலையில் பயின்றவர்கள் வடக்கின் பல மூலைகளிலும் வகுப்பெடுத்தார்கள். பழைய தலைமுறை ஆசிரியர்களின் மணிவிழா மலர்களையும் நினைவு மலர்களையும் புரட்டுகிறவர்களுக்கு அந்தக் கலாசாலையின் பெயர் கண்ணில் படாமல் போகாது. பிறகு 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அரசிடம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளோடு பயிற்சிக் கல்லூரிகளையும் அந்தச் சட்டம் தொட்டது. மதச் சபைகளின் கையிலிருந்த ஆசிரியப் பயிற்சி அரசின் பொறுப்புக்குப் போனது. பலாலி ஆசிரிய கலாசாலையைப் போர் இடம்பெயர்த்தது. இன்று குடாநாட்டில் ஆசிரியப் பயிற்சி என்றதும் எவருக்கும் நினைவுக்கு வருவது கோப்பாய்தான். ஆசிரியர் கலாசாலையும் அங்கே, தேசிய கல்வியியற் கல்லூரியும் அங்கே.

கொழும்புத்துறைக்கு இப்போது மிஞ்சியிருப்பது பயிற்சியின் மற்றப் பாதி. பயிலுநர்கள் வந்து இறங்கும் பாடசாலைகள் இங்கே இருக்கின்றன. இந்து மகா வித்தியாலயம், துரையப்பா வித்தியாலயம், சூசையப்பர் வித்தியாலயம் என்று கைக்கெட்டும் தூரத்தில் நகரத்துப் பெரிய கல்லூரிகளின் நிழலில் இயங்கும் பாடசாலைகள். யாழ் இந்து, வேம்படி, சம்பத்தரிசியார் என்று பெற்றோர் பிள்ளைகளை நகருக்குள் கொண்டுபோகும் காலத்தில், ஊரோடு நிற்கும் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவை இவைதான். குடாநாடெங்கும், வன்னியிலும், தீவகத்திலும் இப்படிப்பட்ட பாடசாலைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பயிலுநர் ஒருவர் இப்படியொரு பாடசாலைக்கு வரும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

வருகிறவர்கள் ஒரே வகையினர் அல்லர். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு மூன்றாம் வருடத்தைப் பாடசாலையில் கழிக்கும் கட்டுறுபயிலுநர் ஒரு வகை. 1986ஆம் ஆண்டின் கல்வியியற் கல்லூரிச் சட்டத்தோடு நிலைபெற்ற முறை இது. ஏற்கெனவே நியமனம் பெற்று, பயிற்சிக்காகக் கலாசாலையில் சேர்ந்து, சில கிழமைகள் கற்பித்தற் பயிற்சிக்கு வருகிறவர் இன்னொரு வகை. 2020இல் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பட்டதாரிப் பயிலுநராகச் சேர்க்கப்பட்டு, பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பாடசாலைக்கு இணைக்கப்பட்டவர் மூன்றாவது வகை. ஆசிரியர் சேவையில் உள்வாங்குங்கள் என்று அவர்கள் வீதியில் நின்றதை நாடே பார்த்தது. இவர்களுக்கும் முன்னால், போர்க்காலம் முழுவதும் சம்பளமே இல்லாமலும் சொற்பக் காசுக்கும் கற்பித்த தொண்டராசிரியர்கள் இருந்தார்கள்.

வகைகள் வேறானாலும் அனுப்பப்படும் முறை ஒன்றுதான். வலயக் கல்வி அலுவலகத்தின் மேசையில் வெற்றிடப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் பயிலுநர்களின் பட்டியல். ஒன்றோடொன்றைப் பொருத்தினால் அலுவல் முடிந்தது. எங்கே ஆசிரியர் இல்லையோ அங்கே பயிலுநர். தன் தொழிலைக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளை, கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடமாகப் பார்த்து அனுப்பப்படுகிறது. இதைத்தான் நாங்கள் பயிற்சி என்கிறோம்.

வைத்தியத் துறையில் இப்படி நடக்க விடுவோமா? யாழ். போதனா வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி வைத்தியர் ஒரு வருடம் வேலை செய்கிறார். இரவு பகலாக உழைக்கிறார். ஆனால் அவருக்கு மேலே வைத்திய நிபுணர் ஒருவர் இருக்கிறார், நோயாளியின் பொறுப்பு நிபுணருடையது. விடுதி ஒன்றில் நிபுணர் இல்லை, ஆகவே உள்ளகப் பயிற்சி வைத்தியரை அங்கே தனியே விடுவோம் என்று எந்தப் பணிப்பாளரும் சொல்லமாட்டார். கொழும்புத்துறையிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. இங்குள்ள புனித சவேரியார் குருத்துவக் கல்லூரி போன்ற குருமடங்களில் குருமாணவர்கள் படிப்பின் இடையே பங்குகளுக்கு அனுப்பப்படுவது வழமை. அங்கே பங்குத்தந்தை ஒருவரின் கண்பார்வையில் பழகுகிறார்கள். பங்குத்தந்தை இல்லாத கோவிலை நடத்து என்று அவர்களை விடுவதில்லை. ஆன்மாவுக்கும் உடலுக்கும் இருக்கிற எச்சரிக்கை தரம் ஒன்று பிள்ளையின் எழுத்தறிவுக்கு மட்டும் இல்லாமல் போனது ஏன்?

பாடசாலையில் பழகவேண்டியது என்ன என்பதை ஆசிரியத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் குறைவாகவே எடைபோடுகிறார்கள். உளவியலும் கலைத்திட்டமும் மதிப்பீடும் விரிவுரை மண்டபத்தில் படிக்கலாம். பாடக்குறிப்பில் பிரவேசம் ஐந்து நிமிடம், படிமுறை ஒன்று பத்து நிமிடம் என்று கோடு போட்டு எழுதலாம். தரம் ஒன்றில் முதல் கிழமை அழுதுகொண்டே வரும் பிள்ளையை அந்த ஐந்து நிமிடத்துக்குள் என்ன செய்வது? முப்பது பேரில் எவருக்கு எழுத்து பிடிபட்டுவிட்டது, எவர் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து வாசிப்பதுபோல் நடிக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவமுள்ள ரீச்சர் ஒருவர் வகுப்புக்குள் நுழைந்ததும் எங்கே நிற்கிறார், முதல் கேள்வியை எவரிடம் கேட்கிறார், சத்தம் கூடும்போது தன் குரலை ஏன் தாழ்த்துகிறார், தவறான விடை சொன்ன பிள்ளையை முகம் வாடாமல் எப்படி இருத்துகிறார் — இவை எந்தக் கைந்நூலிலும் முழுமையாக இல்லை. பின்வாங்கில் இருந்து பார்க்கவேண்டும். பார்த்ததைப் பிறகு அந்த ரீச்சரிடமே கேட்கவேண்டும். கேட்க ரீச்சருக்கு நேரம் இருக்கவேண்டும்.

அங்கேதான் எல்லாம் அறுந்துபோகிறது. வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவரைப் பெயரளவில் குறித்துவிடுகிறார்கள். அவருடைய நேரசூசியில் ஒரு பாடவேளைகூடக் குறைவதில்லை. கொடுப்பனவு என்று சொல்லத்தக்க எதுவும் கிடைப்பதில்லை. பயிலுநர் வந்தது அவருக்கு வசதி. தன்னுடைய வகுப்பை ஒப்படைத்துவிட்டு, ஒத்திப்போட்டுவந்த விடைத்தாள்களைத் திருத்தலாம், விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யலாம். அவரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. நாள் முழுக்க ஓடி ஓடிக் கற்பிக்கிற ஒருவரிடம், இதற்கு மேல் இன்னொருவரையும் உருவாக்கித் தாருங்கள் என்று இலவசமாகக் கேட்கிறோம்.

விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வருகிற நாள் தனிக்கதை. அன்றைக்கு வகுப்பறைக்கு ஒரு திருவிழாக் களை வந்துவிடும். சுவரெல்லாம் வர்ண மட்டை, மேசையில் கற்பித்தல் உபகரணங்கள், பிள்ளைகளுக்கு முதல்நாளே ஒத்திகை. கேள்வி கேட்டதும் எல்லாக் கையும் உயர்கிறது. புள்ளியும் கிடைக்கிறது. மறுநாள் மட்டைகள் சுருட்டி அலுமாரிக்கு மேலே போகின்றன. அந்த நாற்பது நிமிடம் எவருக்கும் எதையும் கற்பிக்கவில்லை என்பது பயிலுநருக்கும் தெரியும், விரிவுரையாளருக்கும் தெரியும், பின்வாங்குப் பொடியனுக்கும் தெரியும்.

மலையகத்தின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. அதில் குடாநாட்டுக்கும் பங்கிருக்கிறது. தோட்டப்புறப் பாடசாலைகளின் ஆசிரியப் பற்றாக்குறையைத் தீர்க்கவென்று 2014–15 காலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர் பதவிகள் உருவாக்கப்பட்டன. உயர்தரம் சித்தியடைந்த இளைஞர், யுவதிகள் எடுக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பலத்த குரல்களுக்குப் பிறகு அது 10,000 ஆனது. பெயரில்தான் உதவியாளர், பல இடங்களில் வகுப்பு முழுவதும் அவர்கள் தலையில். உதவுவதற்கு அங்கே இன்னொரு ஆசிரியர் இருந்தால்தானே உதவியாளர்? பின்னர் பயிற்சிக்காகக் கலாசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பகுதியினர் கோப்பாய்க்கு வந்தார்கள். லயத்து வீட்டிலிருந்து புறப்பட்டு, மலையிறங்கி, நாட்டின் மறுமுனைக்கு வந்து, அந்தக் காசிலேயே தங்குமிடமும் சாப்பாடும் பயணமும் பார்த்துக்கொண்டு படித்தார்கள். இந்த நாட்டின் கல்வி வரலாற்றில் இதற்கு ஒரு வெட்கப் பக்கம் ஒதுக்கவேண்டும்.

ஆனாலும் ஒன்று. முதலில் வகுப்பு, பிறகு பயிற்சி என்ற ஒழுங்கையே நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே வகுப்பில் நின்றவருக்குக் கலாசாலை விரிவுரையில் எந்த இடத்தில் காது கூர்மையாக வேண்டும் என்று தெரியும். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் முகம் இருக்கும். அவர்கள் வகுப்புக்குள் தனியாக விடப்பட்டதும், அந்தத் தனிமைக்குச் சம்பளமும் கொடுக்காததும்தான் அநியாயம்.

மலிவான கையாளாக உதவியாளரைப் பார்க்கும் ஆசைக்கு வயது இருநூறுக்கு மேல். அது நம்மிடமிருந்தே போனது என்பது வேடிக்கை. நமது திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் பாயில் சாய்ந்திருப்பார், சட்டாம்பிள்ளை பள்ளியை நடத்துவான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியைப் பொறுப்பேற்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தன்னுடைய ஆசிரியர்கள் அந்த முறையை ஏற்க மறுத்தபோது பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் பள்ளி நடத்த வழி தேடியவர்களுக்கு அது வரமாகத் தெரிந்தது. ஒரு ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள்! நிர்வாகிகளுக்கு இதைவிட இனிய கணக்கு வேறென்ன வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அடுத்த நூற்றாண்டில் வேறொரு பாதையும் காட்டப்பட்டது. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே இளம் ஆசிரியரானவர். பழகுகிறவரின் கஷ்டம் அவருக்குத் தெரியும். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்குமுன்பே, சில மாணவர்களைத் தன்னிடம் வைத்துக் காலையும் இரவும் காசு வாங்காமல் கற்பித்துவந்தார். பாடசாலை தொடங்கியபோது அவர்களில் சிலரே அங்கே ஆசிரியர்களானார்கள். நல்லூர் சதாசிவப்பிள்ளை அந்த வட்டத்தவர். கட்டடத்துக்கும் பலகைக்கும் முன்னால் ஆசிரியரை ஆயத்தம் செய்த ஒழுங்கு அது. நாவலருக்குச் சிலை வைக்கிறோம், குருபூசை செய்கிறோம். அவருடைய இந்த ஒழுங்கை மட்டும் கல்வி அலுவலகங்கள் கைக்கொள்ளவில்லை.

புலம்பெயர்ந்த எமது பெண்கள் பலருக்கு இந்த விடயம் வேறு வழியில் பரிச்சயம். லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாங்களும் உதவி ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த தமிழ்த் தாய்மார் ஏராளம். அங்கே பொலிஸ் பதிவுச் சோதனை முடிந்து, பாடசாலை ஒன்று இடம் கொடுத்தால்தான் பயிற்சி நகரும். வகுப்பாசிரியர் ஒருவரின் பக்கத்தில் நின்று பழகவேண்டும், மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். கேட்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கும் ஒரு பாடம் கசப்பாக வந்தது. ஆசிரியர்களின் வேலைப்பளுவைக் குறைப்பதற்கான 2003ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு இங்கிலாந்துப் பாடசாலைகளில் உதவியாளர் தொகை பெருகியது. லண்டன் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பீற்றர் பிளாட்ச்போர்ட் குழுவினர் பல வருடங்கள் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதேபோன்ற மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள்.

உதவியாளர்கள் கெட்டிக்காரர்கள் அல்லர் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளை அவர்களிடம் தள்ளிவிட்டு, ஆசிரியர் மற்றவர்களோடு நின்றுவிட்டார் என்பதே அதன் குற்றச்சாட்டு. ஆசிரியரும் உதவியாளரும் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கப்படவில்லை. இன்றைக்கு என்ன பாடம் என்பது பல உதவியாளர்களுக்கு வகுப்புக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளை யோசிக்குமுன் விடையைச் சொல்லிவிடும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

இதற்கு நேர்மாறான அனுபவம் இந்தியாவிலிருந்து வந்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் மும்பையிலும் வடோதராவிலும் உள்ளூர் இளம் பெண்களைப் பாலசகி என்ற பெயரில் அரச பாடசாலைகளுக்கு அனுப்பியது. படித்து ஆசிரியப் பட்டம் பெற்றவர்கள் அல்லர் அவர்கள். இரண்டு கிழமை அளவில் ஆரம்பப் பயிற்சி, பிறகு தொடர்ந்த ஆதரவு. நாளுக்கு இரண்டு மணித்தியாலம், வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே எடுத்து அடிப்படையைப் பழக்குவது மட்டும் அவர்கள் வேலை. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களும் இதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள், பிள்ளைகளின் புள்ளிகள் தெளிவாக உயர்ந்திருந்தன. இங்கிலாந்தின் உதவியாளருக்குப் பாடசாலை வசதி இருந்தது, என்ன செய்வது என்ற தெளிவு இருக்கவில்லை. மும்பைப் பெண்ணுக்கு வசதி இல்லை, தெளிவு இருந்தது. எங்களுடைய பயிலுநருக்கு இரண்டும் இல்லை.

உதவியாளர் உண்மையில் தேவைப்படும் இடத்தில் நாங்கள் அவரைத் தேடவே இல்லை என்பது இன்னொரு குறை. ஓட்டிசம் உள்ள பிள்ளை, காது குறைவாகக் கேட்கும் பிள்ளை, எழுத்து குழம்பும் பிள்ளை எல்லாரும் இன்று சாதாரண வகுப்பிலேயே இருக்கிறார்கள். இருக்கவும் வேண்டும். எங்கள் அரச பாடசாலைகளில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் வகுப்பறை உதவியாளர் என்ற ஏற்பாடு வழக்கத்தில் இல்லை. சில இடங்களில் தாயே வாசலில் காத்திருக்கிறார். கைதடியில் நவீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளோடு தலைமுறைக்கு மேலாக வேலை செய்கிறது. கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை 2004இலிருந்து மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை வளர்த்தெடுக்கிறது. கோப்பாயிலிருந்து இரண்டும் எட்டாத தூரமில்லை. பயிற்சிக்காலத்தில் ஒவ்வொரு பயிலுநரும் குறைந்தது ஒரு மாதம் இப்படிப்பட்ட இடத்தில் நின்று பழகிவிட்டுச் சாதாரண வகுப்புக்குப் போனால், அந்த ஒரு மாதம் இரண்டு வருட விரிவுரைக்குச் சமமாகும் என்பது என் துணிபு.

கல்வி அதிகாரிகளின் பதில் எனக்குத் தெரியும், அதில் நியாயமும் உண்டு. வன்னியிலும் தீவகத்திலும் வகுப்புகள் ஆசிரியரின்றிக் கிடக்கின்றன, பயிலுநரையும் அனுப்பாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு எவருமே இல்லை. சரி. ஆனால் தனியே அனுப்பாதீர்கள். இருவராக அனுப்புங்கள். ஒருவர் கற்பிக்க மற்றவர் பார்க்கட்டும், மாலையில் பேசிக்கொள்ளட்டும். முதல் ஆறு கிழமைக்கு எந்தப் பயிலுநரும் முழு வகுப்பைப் பொறுப்பேற்கக் கூடாது என்று சுற்றறிக்கை விடுங்கள். வழிகாட்டி ஆசிரியரின் நேரசூசியில் கிழமைக்கு நாலு பாடவேளையைக் குறையுங்கள், அதற்கொரு கொடுப்பனவும் கொடுங்கள். பயிலுநருக்குப் பஸ் காசாவது மிஞ்சவேண்டும். நல்ல வழிகாட்டிகளைப் பெரிய கல்லூரிகளில் மட்டும் தேடவும் வேண்டாம். நாற்பது பிள்ளைகளுக்குப் பதிலாகப் பதினைந்து பிள்ளைகள் இருக்கும் சிறு பாடசாலையில்தான் ஒவ்வொரு பிள்ளையையும் உற்றுப்பார்க்கப் பழகலாம். கொழும்புத்துறை போன்ற ஊரின் பாடசாலைகள் பயிற்சிப் பாடசாலைகளாக அங்கீகரிக்கப்பட்டால், ஊர்ப் பெற்றோரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அரச சேவையில் 60 வயதோடு ஓய்வு என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, 2022 டிசம்பர் 31 அன்று நாடெங்கும் பெருந்தொகையானோர் ஒரே நாளில் வேலையிலிருந்து இறங்கினார்கள். அவர்களில் முப்பது வருடம் தரம் ஒன்றையும் இரண்டையும் கற்பித்தவர்களும் உண்டு. ஓய்வூதியத்தோடு வீட்டிலிருக்கும் அவர்களைக் கிழமைக்கு இரண்டு நாள், மதிப்பான கொடுப்பனவோடு, ஊர்ப் பாடசாலைக்கு வழிகாட்டியாக அழைத்தால் பெரும்பாலானோர் வருவார்கள். ரியூட்டரிகளுக்கு அவர்களின் மதிப்பு தெரிந்திருக்கிறது, திணைக்களத்துக்குத்தான் தெரியவில்லை. புதிய கல்விச் சீர்திருத்தம் 2026இலிருந்து தரம் ஒன்றிலும் ஆறிலும் தொடங்கும் என்று அரசு அறிவித்தபின், செயற்பாட்டு நூல்களைப் பற்றியும் கலைத்திட்ட அலகுகளைப் பற்றியும் நாடு முழுக்க வாதாடியது. அந்த நூலைக் கையில் எடுத்து முதல் வகுப்புக்குள் போகப்போகும் இளம் ஆசிரியரைப் பற்றி அந்த வாதத்தில் கேட்டது மிகக் குறைவு.

வடமாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் வலயப் பணிப்பாளர்களிடமும் கேட்பது ஒன்றுதான். அடுத்த தொகுதிப் பயிலுநர்களின் இணைப்புக் கடிதங்கள் அச்சாகுமுன், ஒவ்வொரு கடிதத்திலும் பாடசாலையின் பெயருக்குக் கீழே வழிகாட்டியின் பெயரையும் எழுதுங்கள். எழுதப் பெயரில்லாத பாடசாலைக்குப் பயிலுநரை அனுப்பாமல், முதலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். கொழும்புத்துறையிலிருந்து அரியாலை வரை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது இல்லாத ஒழுங்கை இல்லை.